முதல் பத்து நிமிஷத்துல கச்சேரி களை கட்டுறதுன்னா என்ன, அதுக்கு என்ன பண்ணணும்

மார்கழி மாசம், மத்தியானம் பன்னெண்டரை மணி, மயிலாப்பூர் பக்கம் ஏதோ ஒரு சபான்னு வச்சுக்கோங்க. ஹால்ல முப்பது பேர் இருந்தா அதிகம். அதுல பத்து பேர் பாடப்போற பொண்ணோட சொந்தக்காரங்க, அஞ்சாறு பேர் கேன்டீன்ல இலை காலியாகட்டும்னு ஏசில உக்காந்திருக்கிறவங்க, மிச்சம் இருக்கிறவங்கதான் நெஜமா பாட்டு கேக்க வந்தவங்க. மூணாவது வரிசைல ஒரு மாமா இருப்பார், எல்லா சபாலயும் இப்படி ஒருத்தர் இருப்பார், மடியில சின்ன நோட்டு, என்ன பாட்டு என்ன ராகம் என்ன தாளம்னு எழுதிக்கிட்டே வருவார். திரை விலகுது, தம்புரா கேக்குது, பொண்ணு பாட ஆரம்பிக்குது. அந்த மாமா பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து உக்காருவாரா, இல்ல பையில இருக்கிற சீசன் புரோகிராம் புக்கை எடுத்து பக்கத்து சபால ரெண்டு மணிக்கு யாருன்னு பாப்பாராங்கிறது முதல் பாட்டு முடியிறதுக்குள்ளயே முடிவாயிடும்.

இதுக்கு கச்சேரி பாஷைல ரொம்ப நாளா ஒரு வார்த்தை இருக்கு, களை கட்டுறதுன்னு சொல்வாங்க. "வர்ணத்துலயே களை கட்டிடுச்சு சார்"னு ஒருத்தர் வெளில வந்து சொன்னா அதுக்கு மேல பாராட்டு வேணாம், வர்ணம்ங்கிறது கச்சேரில வழக்கமா முதல்ல பாடுற உருப்படி. புதுசா மேடை ஏறப் போறவங்க நிறைய பேர் இதை தப்பா புரிஞ்சுக்கிறாங்க, நானும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டிருந்தேன், முதல் பாட்டுலயே ஏதாவது பெரிய வித்தை காட்டி அசத்தணும், ஒரு பயங்கர தாளக் கணக்கு வச்சு முடிக்கணும், யாருமே பாடாத ராகத்தை எடுக்கணும், அப்பதான் கவனிப்பாங்கன்னு. ஆனா கேக்கிறவங்க பக்கம் உக்காந்து பாத்தீங்கன்னா வேற மாதிரி தெரியும். கழைக்கூத்தாடி கயிறு மேல கால் வைக்கிறப்ப கீழ நிக்கிற நமக்குத்தான் வயித்தைப் பிசையும் இல்லையா, நாலு அடி நடந்து காமிச்சதுக்கு அப்புறம்தான் நாம மூச்சு விடுவோம், அதுக்கப்புறம்தான் அவர் செய்ற வேடிக்கையை ரசிப்போம். அதே கதைதான் இங்கயும். தெரியாத ஒரு முகம் மேடையில உக்காந்தா ஆடியன்ஸ் உள்ளுக்குள்ள கொஞ்சம் பதட்டமாதான் இருப்பாங்க. சுதில நிப்பாங்களா, தாளத்தை விட்டுடுவாங்களா, மேல் ஸ்தாயிக்குப் போனா குரல் உடைஞ்சிடுமா, இந்தக் கேள்விங்க ஓடிக்கிட்டே இருக்கும். முதல் பத்து நிமிஷத்துல நீங்க பண்ண வேண்டிய ஒரே வேலை அந்தப் பதட்டத்தை எடுத்துடுறது. "இவங்க விழ மாட்டாங்க"ன்னு தோணிட்டா போதும், சாய்ஞ்சு உக்காந்துடுவாங்க. அசத்துறதுக்குத்தான் அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் இருக்கே.

நான் கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டை வச்சுதான் சொல்லப் போறேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான். லைட் மியூசிக் ட்ரூப்ல பாடுறவங்க, கிடார் எடுத்துட்டு கஃபேல வாசிக்கிறவங்களுக்கும் பாதி விஷயம் அப்படியே பொருந்தும், மீதி பாதியை விட்டுடுங்க.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன், நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் முடிவாகி இருக்கும். 2013ல சியா-ஜங் சாய்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்களும் பியானோ வாசிக்கிறவங்கதான், ஒரு சோதனை பண்ணாங்க. வெஸ்டர்ன் கிளாசிக்கல் போட்டிகள்ல இறுதிச் சுத்துக்கு வந்த மூணு பேர் வாசிச்ச சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து சிலருக்கு சத்தத்தை மட்டும் போட்டாங்க, சிலருக்கு சத்தமே இல்லாம வீடியோ மட்டும், சிலருக்கு ரெண்டும் சேர்த்து. யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு கேட்டா, சத்தம் இல்லாம பாத்தவங்கதான் அதிகமா சரியா சொன்னாங்க, அதுலயும் சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. 2018ல வேற சிலர் இதைத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டு, அதே துண்டுகளுக்கு அதே ரிசல்ட் வருது ஆனா எந்தத் துண்டுகளை எடுக்கிறோம்கிறதைப் பொறுத்து இது மாறும்னு சொன்னாங்க, அதனால வேதவாக்கா எடுத்துக்க வேணாம். ஆனா கண்ணும் சேர்ந்துதான் கேக்குதுன்னு மேடைக்குக் கீழ உக்காந்த எல்லாருக்கும் தெரியும்.

அதனால பட்டுப்புடவையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, அதை வீட்டுல பாத்துப்பாங்க, ஆனா உக்கார்றதை முன்னாடியே பிராக்டீஸ் பண்ணுங்க. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். அந்தப் புடவையோட அல்லது வேஷ்டியோட தரையில சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாடிப் பாருங்க, கால் மரத்துப் போகுதா, தாளம் போடுற தொடை மாத்தாம இருக்க முடியுதான்னு. திரை விலகினதுக்கு அப்புறம் புடவையை இழுத்து விடுறது, மைக்கை நகர்த்துறது, பின்னாடி திரும்பி தம்புரா போடுற பொண்ணுகிட்ட ஏதோ சொல்றது, ஃபோனைத் தேடுறது, இதெல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்தான் ஆகும், ஆனா அந்த ஒரு நிமிஷம் ஆடியன்ஸ் பதட்டத்தை ரெண்டு மடங்காக்கும்.

யார் எங்க உக்கார்றதுங்கிறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. பாடுறவங்க நடுவுல, அவங்களுக்கு வலது கைப்பக்கம் மிருதங்கம், இடது கைப்பக்கம் வயலின். மிருதங்கத்தோட வலந்தலை, அதாவது நடுவுல சாதம்னு ஒரு கறுப்புப் பூச்சு வச்சிருக்கிற, சுதி சேர்க்கிற பக்கம், ஆடியன்ஸைப் பாத்து இருக்கணும், அதுக்காகத்தான் அந்த ஏற்பாடு. பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடது கை வித்வான் வாசிச்சா அப்படியே மாத்தி உக்காரணும், வயலின் இந்தப் பக்கம் வரணும். இதை மேடை ஏறினதுக்கு அப்புறம் பேசிக்கிட்டு இருக்கக் கூடாது, அதான் சொல்ல வந்தேன்.

இப்ப சுதிக்கு வரேன், இதுலதான் கொஞ்சம் நிறைய பேசணும், ஏன்னா முதல் இம்ப்ரெஷன்ல முக்கால்வாசி இதுதான்னு என்னோட அபிப்பிராயம்.

கட்டைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஹார்மோனியத்துல சி கட்டைதான் ஒரு கட்டை, டி ரெண்டு கட்டை, ஈ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு. நடுவுல வர்ற கறுப்புக் கட்டைங்கதான் ஒண்ணரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை. உங்க ஆதார ஸட்ஜம், அதாவது பாட்டுக்கு அடிப்படையான "ஸ", எந்தக் கட்டையில இருக்கோ அதுதான் உங்க சுதி. ஆம்பளைங்க பெரும்பாலும் ஒரு கட்டைலேருந்து ரெண்டு கட்டைக்குள்ள பாடுவாங்க, பொம்பளைங்க நாலுலேருந்து அஞ்சரைக்குள்ள, அதுக்கு மேலயும் கீழயும் பாடுறவங்களும் இருக்காங்க. எப்படி முடிவு பண்றதுன்னா, கீழ் ஸ்தாயியான மந்திர ஸ்தாயில பஞ்சமமும் (ப), மேல் ஸ்தாயியான தார ஸ்தாயில பஞ்சமமும் அலறாம முனகாம தொட முடியணும், அதுதான் பழைய அளவுகோல். ஆரம்ப நிலைல இருக்கிறவங்க மேல மத்யமம் (ம) வரைக்குமாவது நிம்மதியா போக முடிஞ்சா சரி.

என் கதையைச் சொல்றேன். எனக்கு பத்தொம்போது வயசுல எங்க ஊர் கோயில்ல நவராத்திரி கச்சேரி, ஒரு மணி நேரம்தான். வீட்டுல எப்பவும் அஞ்சு கட்டையில சாதகம், அதாவது பயிற்சி, பண்ற ஆளு நான். அன்னைக்கு காலைல எழுந்து பாடினா குரல் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கு, அடடா இன்னைக்கு அஞ்சரைல பாடினா எடுப்பா இருக்குமேன்னு ஒரு பேராசை. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள ஊர்லேருந்து வந்த எல்லா அத்தை பெரியம்மாகிட்டயும் பேசி, கோயில் பிரகாரத்துல ஹோமப் புகையை இழுத்து, சுண்டல் வேற சாப்டுட்டு மேடையில போய் வயலின் வாசிக்கிறவர்கிட்ட அஞ்சரைன்னு சொன்னேன். அவர் ஒரு பார்வை பாத்தார், ஒண்ணும் சொல்லல. வர்ணத்தோட சரணத்துல மேல் ஸட்ஜத்துல நிக்கிற இடம் வந்துச்சு பாருங்க, குரல் ரெண்டா பிரிஞ்சுது, ஒண்ணு மேல போச்சு ஒண்ணு கீழ போச்சு. முன்னாடி உக்காந்திருந்த குழந்தை சிரிச்சுது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரமும் ஒவ்வொரு தடவை நான் மேல போறப்பவும் எங்க அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க, ரசிச்சு இல்ல. அதனால கச்சேரி அன்னைக்கு சுதியைக் கூட்டாதீங்க, வேணும்னா அரைக் கட்டை குறைச்சுக்கோங்க, யாருக்கும் தெரியாது, யாருக்கும் கவலையும் இல்ல. என்ன, முன்னாடியே சொல்லிடணும், மிருதங்கக்காரர் உங்க கட்டைக்கு ஏத்த வாத்தியம் எடுத்துட்டு வரணும் இல்லையா.

அடுத்தது சேர்க்கிறது. மேடையில நாலு விஷயம் ஒரே ஸட்ஜத்துல நிக்கணும், தம்புரா, வயலின், மிருதங்கத்தோட வலந்தலை, உங்க தொண்டை. தம்புராவுக்கு நாலு தந்தி, ப ஸ ஸ ஸ, அதுல கடைசி தந்தி மந்திர ஸட்ஜம். பிரிட்ஜுக்கும் தந்திக்கும் நடுவுல ஜீவாளின்னு ஒரு நூல் வைப்பாங்க, அந்த நூலை கொஞ்சம் நகர்த்தினாதான் "ஙொய்ங்"னு அந்த ரீங்காரம் வரும். இப்ப பாதிப் பேர் எலக்ட்ரானிக் பெட்டி இல்ல ஃபோன் ஆப்தான், தப்பே இல்ல, ஆனா ஃபோன்னா ஏரோப்ளேன் மோடுல போடுங்க, வர்ணத்து நடுவுல யாரோ லோன் வேணுமான்னு கூப்பிட்டு தம்புரா நின்னுபோன கச்சேரியை நான் கேட்டிருக்கேன். மிருதங்கத்தை கல்லையும் புள்ளுங்கிற மரக்கட்டையையும் வச்சு தட்டி சேர்ப்பாங்க, தொப்பின்னு சொல்ற அடுத்த பக்கம் ரவையைக் குழைச்சு அப்புவாங்க. இது எல்லாத்துக்கும் நேரம் ஆகும். அது மட்டும் இல்லாம க்ரீன் ரூம்ல சேர்த்தது மேடையில அப்படியே இருக்காது. தோல் ஈரக்காத்துல தளர்ந்து இறங்கும், ஏசியோட வறண்ட காத்துல இறுகி ஏறும், ஸ்டீல் தந்தி லைட் சூட்டுல விரிஞ்சு இறங்கும், குளிர்ல ஏறும். அதனால மேடையில போய் ஒரு பத்து நிமிஷமாவது திரைக்குப் பின்னாடி உக்காந்து, அந்தக் குளிருக்கு வாத்தியம் பழகினதுக்கு அப்புறம் கடைசியா ஒரு தடவை சேர்த்துக்கணும். கோயில் மாதிரி திரை இல்லாத இடம்னா எல்லாரும் பாக்கத்தான் செய்வாங்க, பரவால்ல, சுருக்கமா அமைதியா சேர்த்தா அதுவே ஒரு நம்பிக்கை.

இதுல யாரும் அதிகமா கவனிக்காத ஒண்ணு இருக்கு. கச்சேரியோட முதல் சத்தம் உங்க குரல் இல்ல, தம்புரா. திரை விலகினதும் உடனே வாயைத் திறக்காம அரை நிமிஷம் அதை நல்லா ஒலிக்க விடுங்க, நீங்களும் கேளுங்க. ஹால்ல இருக்கிற சலசலப்பு தானா அடங்கும். அப்புறம் ஒரு ஸட்ஜம் பிடிச்சு, வாய்க்குள்ளயே போதும், தம்புராவுக்குள்ள உங்க குரல் கரைஞ்சு காணாம போற மாதிரி நிக்குதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. நோட்டு வச்சிருக்கிற மாமா இந்த இடத்துலதான் தலையைத் தூக்குவார்.

சரி, என்ன பாட்டு? இதுக்கு நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல, நமக்கு முன்னாடியே ஒருத்தர் யோசிச்சு வச்சுட்டுப் போயிருக்கார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890லேருந்து 1967 வரைக்கும் இருந்தவர். இன்னைக்கு நாம கேக்கிற கச்சேரி அமைப்பு, அதாவது முதல்ல வர்ணம், அப்புறம் விறுவிறுப்பா சின்னக் கீர்த்தனைங்க, நடுவுல பெரிய ராகம், மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், கடைசில துக்கடான்னு சின்னப் பாட்டுங்க, மங்களம்னு ஒரு வரிசை, இதை நிலைநிறுத்தினவர் அவர்தான்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி ராஜா அரண்மனைலயும் ஜமீன்தார் வீட்டுலயும் ராத்திரி பூரா ராகம் தானம் பல்லவின்னு விஸ்தாரமா போயிட்டிருந்த சங்கீதம், சபா வந்து, டிக்கெட் வாங்கின ஜனங்க வந்து, மணி பாத்து முடிக்கணும்னு வந்தப்ப, உக்காந்த உடனே ஆளைப் பிடிக்கிற மாதிரி ஒரு அமைப்பு தேவைப்பட்டுச்சு.

ஏன் வர்ணம்? வர்ணம் பாக்க ஏதோ பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கும், எல்லாரும் சின்ன வயசுலயே கத்துக்கிறதுதான், ஆனா மேடைக்கு அதை விட பொருத்தமான உருப்படி கிடையாது. முதல் காரணம், அதுல கற்பனைக்கு இடமே இல்ல, எல்லாம் ஏற்கெனவே கட்டி வச்சது, பல்லவி, அனுபல்லவி, முத்தாயி ஸ்வரம், சரணம், அப்புறம் ஸ்வரங்கள், மூளை பயத்துல வேலை செய்யலன்னாலும் நாக்கு பாடிடும். ரெண்டாவது, ஒரு ராகத்தோட முக்கியமான பிடிகள் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, கீழேருந்து மேல வரைக்கும் குரலை ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வரும், அதனால தொண்டைக்கு அது வார்ம் அப். மூணாவது காரணத்தை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, எனக்கு பத்து வருஷம் கழிச்சுதான் உறைச்சுது. நம்ம கச்சேரில பெரும்பாலும் ரிகர்சலே கிடையாது. வயலின்காரரையும் மிருதங்கக்காரரையும் அன்னைக்குதான் முதல் தடவை பாப்பீங்க, என்ன பாடப் போறீங்கன்னு அவங்களுக்கு மேடையிலதான் தெரியும். வர்ணம்னா மூணு பேருக்கும் மனப்பாடம். மூணு பேரும் சேர்ந்து ஒரே அடி எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும், அந்தச் சத்தத்துல ஒரு கெட்டி இருக்கும். நீங்களா தேடிப் பிடிச்ச அபூர்வக் கீர்த்தனையை முதல் பாட்டா எடுத்தீங்கன்னா வயலின் அரை வரி பின்னாடியே வரும், மிருதங்கம் எடுப்பு, அதாவது பாட்டு தாளத்துல ஆரம்பிக்கிற இடம், எங்கன்னு தேடும், பாவம் அவங்க தப்பே இல்ல, ஆனா கேக்கிறவங்களுக்கு என்னவோ மூணு பேரும் மூணு ஊருக்குப் போற மாதிரிதான் இருக்கும்.

ஆதி தாள வர்ணமா எடுங்க. அட தாளம் பதினாலு அட்சரம், பெருசு, கம்பீரமா இருக்கும், ஆனா அதை ரெண்டு காலத்துல, அதாவது ரெண்டு வேகத்துல, அசையாம பாட நல்ல பழக்கம் வேணும், அஞ்சாறு கச்சேரி ஆகட்டும். மோகனம், ஹம்ஸத்வனி, ஆபோகி, ஸ்ரீ, கல்யாணி இப்படி கேட்ட உடனே முகம் தெரியிற ராகமா இருந்தா இன்னும் நல்லது. கேக்கிறவங்களுக்கு ராகம் சட்டுனு தெரிஞ்சா அவங்களுக்கே தங்கள் மேல ஒரு சந்தோஷம் வரும், அந்த சந்தோஷத்துல பாதி உங்க கணக்குல சேரும். ராகம் என்னன்னு தெரியாம அந்த மாமா நோட்டுல கேள்விக்குறி போட்டாருன்னா அப்புறம் பாட்டு பூரா அவர் உங்களைக் கேக்க மாட்டார், ராகத்தைத்தான் தேடிக்கிட்டிருப்பார்.

வர்ணம் வேணாம்னா பிள்ளையார் பாட்டுல ஆரம்பிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, இல்ல வர்ணத்துக்கு அப்புறம் ரெண்டாவதா வைக்கலாம். முத்துஸ்வாமி தீட்சிதரோட வாதாபி கணபதிம் ஹம்ஸத்வனில இருக்கு, அந்த ராகத்தை உண்டாக்கினவரே அவரோட அப்பா ராமஸ்வாமி தீட்சிதர்தான். 19ம் நூற்றாண்டுல மகா வைத்யநாத ஐயர் பாடிப் பாடித்தான் அந்தக் கீர்த்தனை மேடையோட முதல் பாட்டா பிரபலமாச்சு. ஹம்ஸத்வனியை ஏன் ஆரம்பத்துக்கு இவ்வளவு பேர் எடுக்கிறாங்கன்னா, ஸ ரி க ப நி அஞ்சே ஸ்வரம், மத்யமமும் தைவதமும் கிடையாது, ஸ்வரங்க தள்ளித் தள்ளி இருக்கிறதால ஒவ்வொண்ணும் பளிச்சுனு தெரியும், அதனால ஹால் சட்டுனு வெளிச்சமாகும். நாட்டையும் அப்படித்தான், கன ராகம்னு சொல்ற அஞ்சு கம்பீரமான ராகங்கள்ல முதல்ல வர்றது அது. கோயில்ல சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்துல மல்லாரி வாசிப்பாங்களே, கம்பீர நாட்டைல, அதை யாழ்ப்பாணத்துல திருவிழா பாத்தவங்களுக்கும் தஞ்சாவூர்ல பாத்தவங்களுக்கும் சொல்லவே வேணாம், நாலு தெரு தள்ளி வீட்டுல இருக்கிறவங்க கூட தவில் விழுற முதல் அடியிலயே செருப்பைத் தேட ஆரம்பிப்பாங்க. ஒரு வார்த்தை சாகித்யம் கிடையாது அதுல. முதல் இம்ப்ரெஷனுக்கு அதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

முதல் பாட்டுக்கு முன்னாடி பெரிய ஆலாபனை வேணாம், ராகத்தோட சாயல் தெரியிற மாதிரி ரெண்டு பிடி போதும். ரெண்டாவது பாட்டுல நாலஞ்சு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட நாலஞ்சு சுத்து, கல்பனாஸ்வரம், அப்பப்ப கற்பனை பண்ணி பாடுற ஸ்வரம், பாடுங்க, சின்னதா, இடத்துக்கு சுத்தமா வந்து விழணும், அவ்வளவுதான். கணக்கு வச்சு முடிக்கிற பெரிய கோர்வை எல்லாம் மெயின் ராகத்துக்கு வச்சுக்கோங்க.

இனிமே காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம். பயத்துல இதயம் வேகமா அடிக்கும், உங்க தாளமும் அது கூடவே ஓடும், ஆனா பாடுறப்ப அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் சரியான வேகத்துல போற மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங் போட்டாதான் யாரோ துரத்துற மாதிரி இருக்கும். வர்ணத்துல இது இன்னும் ஆபத்து, ஏன்னா முதல் காலத்துல எந்த வேகம் எடுக்கிறீங்களோ அதோட ரெண்டு மடங்குதான் ரெண்டாம் காலம், கீழ கொஞ்சம் கூடினா மேல நாக்கு சுளுக்கிடும். எங்க டீச்சர் ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் பண்றேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள வர்ணத்துலயே ரொம்ப நெருக்கமா வர்ற ஸ்வரத்தை ரெண்டாம் காலத்துல ஒரு ஆவர்த்தனம் ஓட்டிப் பாருங்க, அது சௌகரியமா எந்த வேகத்துல வருதோ அந்தத் தாளத்தைப் பிடிச்சு, கையை மட்டும் ஒரு ஆவர்த்தனம் போட்டுட்டு, முதல் காலத்தை ஆரம்பிங்க. ரொம்ப மெதுவா இருக்கிற மாதிரி தோணும். தோணட்டும், அதுதான் சரியான வேகம். அந்த ஒரு ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரரும் உங்க கையைப் பாத்து வேகத்தைப் பிடிச்சுப்பார்.

வாய் வறண்டு போறதும் அதே பயத்தாலதான், அதுக்குத்தான் எல்லா வித்வானும் பக்கத்துல ஃப்ளாஸ்க் வச்சிருக்காங்க. வெந்நீர் போதும். தயிர்சாதம் ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சிருக்கணும்.

மைக்கைப் பத்தி ஒரு பாரா. மைக் வாய்லேருந்து ஒரு சாண் தள்ளி, நேரா இல்லாம கொஞ்சம் சாய்வா இருந்தா "ப", "ஃப்" எல்லாம் வெடிக்காது. டெஸ்ட் பண்றப்ப "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்"னு பேசாதீங்க, ஊதாதீங்க, தட்டாதீங்க, நீங்க அங்க பேச வரல. மந்திர பஞ்சமத்துல ஒரு கார்வை, அதாவது நீட்டிப் பிடிச்சு நிக்கிறது, மேல் ஸட்ஜத்துல ஒரு கார்வை, மூணு பேரும் சேர்ந்து வர்ணத்தோட முதல் வரி, இதைப் பாடிக் காட்டினா சவுண்ட்காரருக்கு வேண்டியது எல்லாம் கிடைச்சிடும். மானிட்டர்ல உங்களுக்கு முதல்ல தம்புரா கேக்கணும், அப்புறம் உங்க குரல், அப்புறம்தான் மத்தது. மானிட்டரை ரொம்ப ஏத்தச் சொன்னா அதுவே மைக்குக்குள்ள திரும்பப் போய் கீச்சுனு ஃபீட்பேக் வரும், முதல் பாட்டுல அந்த கீச் வந்துச்சுன்னா பத்து நிமிஷம் சேர்த்து வச்சது போச்சு. பாடிக்கிட்டே ஒரு கையால "வயலினைக் குறைங்க, என்னை ஏத்துங்க"ன்னு சைகை காட்டுறது இப்ப எல்லா மேடையிலயும் இருக்கு, எனக்கு அது பிடிக்காது, ஆடியன்ஸ் கவனம் பூரா ஸ்பீக்கர் பக்கம் போயிடும், அதை விட பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மனுஷன் மூஞ்சி சுருங்கும். முன்னாடியே போய் சவுண்ட்காரர்கிட்ட அண்ணா, இப்படி இப்படின்னு பேசி வச்சுக்கோங்க, ஒரு காபி வாங்கிக் குடுங்க, உங்க கச்சேரியோட நாலாவது வித்வான் அவர்தான்.

பக்கவாத்தியக்காரங்களை முதல் பாட்டுலயே கொஞ்சம் பாருங்க. நோட்டையோ ஐபேடையோ பாத்து பாடுறதை நான் குத்தம் சொல்லல, சாகித்யம் மறந்து நிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல், ஆனா வர்ணத்துக்கு மட்டும் வேணாம். வயலின்காரர் ஒரு ஸ்வரத்தை அழகா வாசிச்சா தலையை ஆட்டுங்க, நெஜமா பிடிச்சிருந்தா மட்டும். உங்களை விட வயசுல பெரியவங்க வாசிக்க வந்திருந்தா மேடை ஏறுறதுக்கு முன்னாடியே நமஸ்காரம் பண்ணிடுங்க, "மாமா, ஆதி தாள வர்ணம் மோகனத்துல, அப்புறம் ஹம்ஸத்வனி, ரெண்டாவதுல கொஞ்சம் ஸ்வரம்"னு முதல் மூணு உருப்படியையாவது சொல்லிடுங்க. சில பேர் பந்தாவுக்காக சொல்ல மாட்டாங்க. எதுக்கு?

தப்பு வந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, வரும். வர்ணத்துல ஒரு ஸ்வரம் விட்டுப்போச்சுன்னா நிறுத்தாதீங்க, தாளக் கையை மட்டும் விடாதீங்க, அடுத்த சமத்துல, அதாவது தாளம் திரும்ப ஆரம்பிக்கிற இடத்துல, வந்து சேர்ந்துக்கலாம், வயலின் அதுக்குள்ள அந்த இடத்தை நிரப்பி வச்சிருக்கும், பாதி பேருக்குத் தெரியாது. நாக்கைக் கடிக்கிறது, கண்ணை இறுக்கி மூடுறது, பக்கத்துல திரும்பி ஸாரின்னு சொல்றது, இதையெல்லாம் பண்ணினாதான் எல்லாருக்கும் தெரியும். தாளமே புரண்டுடுச்சுன்னா மிருதங்கக்காரரைப் பாருங்க, அவர் கொஞ்சம் அழுத்தி சமத்தைக் காட்டிக் குடுப்பார், அதைப் பிடிச்சுக்கோங்க. குரல் சேரலன்னா வர்ணத்துக்கு அப்புறம் உடனே பாடாம தம்புராவை பத்து செகண்டு கேட்டுட்டு, லிஸ்ட்ல அடுத்து வச்சிருந்த துள்ளலான பாட்டை தள்ளி வச்சுட்டு, மத்ய ஸ்தாயிலயே சுத்துற ஏதாவது ஒண்ணை எடுங்க. அதுக்குத்தான் லிஸ்டைப் பேனால எழுதாம பென்சில்ல எழுதணும்.

ரெண்டு பாட்டு முடிஞ்சதும் ஒரு தடவை மணியைப் பாருங்க. வர்ணம் அஞ்சாறு நிமிஷம், ரெண்டாவது பாட்டு ஸ்வரத்தோட பத்து நிமிஷம், மொத்தமா கால் மணியை ஒட்டி இருந்தா சரி. இருபத்தஞ்சு ஆயிடுச்சுன்னா நீங்க ஸ்வரத்துல ரொம்ப குஷியாயிட்டீங்கன்னு அர்த்தம், மெயின் ராகத்துலேருந்து அந்தப் பத்து நிமிஷத்தைக் கழிச்சுக்கோங்க, ஏன்னா மத்தியான ஸ்லாட்ல உங்களுக்கு அடுத்து பாடுறவங்களோட வயலின்காரர் அதுக்குள்ள க்ரீன் ரூம்ல வந்து சுதி சேர்க்க ஆரம்பிச்சிருப்பார், அந்தச் சத்தம் லேசா மேடைக்கே கேக்கும்.